புதிய மென்பொருளின் பிழையை முதலில் சந்திப்பது யார்? வெளியீட்டுக்கு முந்தைய சோதனைகள் குறித்து ஒரு விளக்கம்

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆறு நாள்கள் பழைய இணையதளம் மூடப்பட்டிருந்தது. புதிய தளம் திறக்கப்பட்ட மறுநாளே புகார்கள் குவியத் தொடங்கின. உள்நுழைய இயலவில்லை, ஓடிபி தாமதமாக வருகிறது, முந்தைய ஆண்டுகளில் தாக்கல் செய்த கணக்குகளைக் காண முடியவில்லை என்று வரி செலுத்துவோரும் பட்டயக் கணக்காளர்களும் முறையிட்டனர். மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தைச் சமூக ஊடகத்தில் குறிப்பிட்டு, குறைகளைக் களையுமாறு வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார்.

ஒரு செயலியோ இணையதளமோ பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முன்பு என்னென்ன கட்டங்களைக் கடக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எந்தப் பிழை பிடிபடும் என்ற கேள்வியை இந்நிகழ்வு நாடு முழுவதும் எழுப்பியது. வரி, தடுப்பூசி, பணப் பரிமாற்றம், பங்கு வர்த்தகம் என அன்றாட வாழ்வின் பெரும்பகுதி மென்பொருளைச் சார்ந்துள்ள நிலையில், இக்கேள்வி பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று. பிழையே இல்லாத மென்பொருள் என்று ஒன்று கிடையாது. எஞ்சியிருக்கும் பிழையை முதலில் சந்திப்பவர்கள் சில நூறு பேரா, கோடிக்கணக்கானோரா என்பதையே வெளியீட்டு முறை தீர்மானிக்கிறது.

வருமான வரித் தளத்தில் நடந்தது என்ன?

வருமான வரித் துறையின் மின்னணுத் தாக்கல் முறையையும் மையப்படுத்தப்பட்ட பரிசீலனை மையத்தையும் ஒருங்கிணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2019 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. திட்ட மதிப்பு சுமார் 4,242 கோடி ரூபாய். கணக்குகளைப் பரிசீலிக்கும் காலத்தை 63 நாள்களிலிருந்து ஒரு நாளாகக் குறைப்பதே இலக்கு என அப்போது அறிவிக்கப்பட்டது.

தளம் திறக்கப்பட்ட பின்னர் எழுந்த குறைகள் குறித்து 2021 ஜூன் 22-ஆம் தேதி நிதியமைச்சகமும் இன்ஃபோசிஸ் அதிகாரிகளும் ஆலோசனை நடத்தினர். வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்புவதற்குத் தேவையான 15சிஏ, 15சிபி படிவங்களைக் காகித வடிவிலேயே வங்கிகளில் அளிக்க அனுமதி வழங்கப்பட்டது. எனினும் ஆகஸ்ட் 21-ஆம் தேதி தளம் முற்றிலும் முடங்கியது. இரண்டரை மாதங்களாகியும் குறைகள் தீராதது ஏன் என விளக்கமளிக்குமாறு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலீல் பரேக்குக்கு அழைப்பாணை அனுப்பப்பட்டது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி நடைபெற்ற சந்திப்பில், செப்டம்பர் 15-க்குள் குறைகளைச் சரிசெய்யுமாறு கெடு விதிக்கப்பட்டது. கரோனா காரணமாக ஏற்கெனவே செப்டம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்த தாக்கல் அவகாசம் பின்னர் டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பிட வேண்டும். தளத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் திறக்கப்படவில்லை. முன்கூட்டிய வரித் தவணைக்கான கடைசி நாள் ஜூன் 15 என்பதால், வரி செலுத்துவோருக்குச் சிரமம் நேராமலிருக்க, புதிய வரி செலுத்தும் வசதி மட்டும் ஜூன் 18-ஆம் தேதி தொடங்கப்படும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் முன்னதாகவே அறிவித்திருந்தது. நெரிசல் மிகுந்த நாளைத் தவிர்த்துப் புதிய வசதியைத் திறப்பது என்பது வெளியீட்டுத் திட்டமிடலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆனால் மற்ற பகுதிகளைப் பொறுத்தவரை, பழைய தளம் மூடப்பட்டு, நாட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் புதிய தளத்துக்கு மாற்றப்பட்டனர்.

வெளியீட்டுச் சுழற்சி என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு திட்டமிடப்பட்டு, எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, வெளியிடப்பட்டு, பின்னர் திருத்தப்படும் தொடர் நிகழ்வே வெளியீட்டுச் சுழற்சி எனப்படுகிறது. பொதுவாக இதில் நான்கு கட்டங்கள் உள்ளன.

முதலாவது 'ஆல்பா'. நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே பயன்படுத்திப் பார்க்கும் நிலை. பல வசதிகள் அரைகுறையாக இருக்கும். அடுத்தது 'பீட்டா'. முக்கிய வசதிகள் அனைத்தும் சேர்க்கப்பட்ட பிறகு, விருப்பமுள்ள வெளியாள்களிடம் கொடுத்துப் பார்ப்பது. மூன்றாவது, வெளியீட்டுக்குத் தகுதியானதாகக் கருதப்படும் இறுதி முன்வடிவம். இந்தக் கட்டத்தில் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படுவதில்லை. கடுமையான பிழைகள் மட்டுமே திருத்தப்படும். புதிதாகப் பிழை எதுவும் தலைகாட்டாவிட்டால் அதுவே நான்காவது கட்டமான நிலையான பதிப்பாகப் பொதுமக்களைச் சென்றடைகிறது.

கைப்பேசி இயங்குதளமான ஆண்ட்ராய்டின் 16-ஆவது பதிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். செயலி உருவாக்குவோருக்கான முன்னோட்டம் 2024 நவம்பரில் வெளியானது. முதல் பீட்டா 2025 ஜனவரியில் வந்தது. செயலிகள் சார்ந்திருக்கும் உள்கட்டமைப்பில் இனி மாற்றம் இராது என்ற உறுதி மார்ச் மாதத்தில் அளிக்கப்பட்டது. நிலையான பதிப்பு ஜூன் 10-ஆம் தேதி கூகுளின் பிக்சல் கைப்பேசிகளுக்கு முதலில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு மாதங்கள் நீடித்த இந்தப் பயணத்தின் நோக்கம் ஒன்றே. வங்கிச் செயலிகள் முதல் விளையாட்டுச் செயலிகள் வரை, புதிய பதிப்பில் தங்கள் செயலி ஒழுங்காக இயங்குகிறதா என ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள அவகாசம் அளிப்பதே அது.

சில மென்பொருள்கள் நாள்காட்டியைப் பின்பற்றி வெளியாகின்றன. உபுண்டு இயங்குதளம் ஆண்டுதோறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய பதிப்பை வெளியிடுகிறது. 24.04 என்ற பதிப்பு எண்ணுக்கு 2024-ஆம் ஆண்டு, நான்காம் மாதம் என்று பொருள். 2006-இல் மட்டும், ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை மேலும் செம்மைப்படுத்த வேண்டும் எனக் கருதி ஆறு வாரங்கள் தள்ளிவைத்தனர். அந்தப் பதிப்பு 6.04 என்பதற்குப் பதிலாக 6.06 என்ற எண்ணையே பெற்றது. தேதி முக்கியம்தான், ஆனால் தயாராகாத ஒன்றுக்காகத் தேதியை மாற்றலாம் என்பதற்கு அந்த எண்ணே சாட்சியாக நிற்கிறது.

எத்தனை வகைச் சோதனைகள்?

'சோதித்துப் பார்த்துவிட்டோம்' என்ற ஒற்றைச் சொற்றொடருக்குள் வெவ்வேறு பணிகள் அடங்கியுள்ளன. வரித் தாக்கல் தளம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டால் இவை எளிதில் விளங்கும்.

ஒவ்வொரு சிறு கூறையும் தனித்தனியே சரிபார்ப்பது அலகுச் சோதனை. பான் எண் என்பது ஐந்து எழுத்துகள், நான்கு இலக்கங்கள், ஓர் எழுத்து என்ற வரிசையில் அமைந்தது. இந்த வரிசை தவறினால் தளம் அதை ஏற்க மறுக்கிறதா என்று பார்ப்பது இவ்வகையைச் சேரும்.

தனித்தனியே சரியாக இயங்கும் கூறுகள் ஒன்றுசேரும்போதும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. பான், ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு அமைப்புகளில் உள்ளன. ஓர் அமைப்பு அனுப்பும் தகவலை மற்றொன்று வேறு வடிவில் எதிர்பார்த்தால், இரண்டிலும் தனியே பிழை இல்லாவிட்டாலும் பணி நின்றுவிடும்.

ஒரு பிழையைத் திருத்தும்போது, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த வேறொன்று கெட்டுவிட்டதா என மீண்டும் எல்லாவற்றையும் சரிபார்ப்பது மறுசோதனை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் செய்ய வேண்டியிருப்பதால், பெரும்பாலும் இது தானியங்கி முறையில் நடைபெறுகிறது.

ஒரே நேரத்தில் எத்தனை பேர் வந்தால் தளம் தாங்கும் என்று அறிவது சுமைச் சோதனை. இந்தியாவில் இதன் முக்கியத்துவம் மிக அதிகம். 2021 டிசம்பர் 31 வரை தாக்கலான சுமார் 5.89 கோடி வரிக் கணக்குகளில் 46.11 லட்சம் கணக்குகள் அந்த ஒரே நாளில் வந்தவை. 2024-ஆம் ஆண்டின் கடைசி நாளான ஜூலை 31 அன்று மட்டும் 69.92 லட்சம் கணக்குகள் தாக்கலாயின. ஆண்டின் சராசரி நாளைக் கணக்கில் கொண்டு சோதிக்கப்பட்ட தளம், கடைசி நாளில் திணறிவிடும்.

இவற்றுடன், தகவல் திருட்டுக்கு வழி உள்ளதா என ஆராயும் பாதுகாப்புச் சோதனையும், உண்மையில் பயன்படுத்தப் போகிறவர்களே இயக்கிப் பார்க்கும் பயனர் ஏற்புச் சோதனையும் உள்ளன. பின்னதில்தான் எவரும் எண்ணிப் பார்க்காத நிலைமைகள் வெளிப்படும். பழைய கைப்பேசி வைத்திருப்பவர், மெதுவான இணைய இணைப்பில் இருப்பவர், எழுத்தளவைப் பெரிதாக்கி வாசிக்கும் முதியவர் ஆகியோருக்குத் தளம் பயன்படுகிறதா என்று அப்போதுதான் தெரியும். தமிழகத்தில் பலருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே உண்டு. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டையும் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில் இவர்கள் என்ன எழுதுவது? படிவத்தை வடிவமைத்தவருக்குத் தோன்றாத இக்கேள்வி, அதை நிரப்புபவருக்கு முதல் நிமிடத்திலேயே எழும்.

ஒத்திகை காட்டியதும் காட்டாததும்

முன்சோதனை பெரிய அளவில், வெளிப்படையாக நடத்தப்பட்டதற்கு எடுத்துக்காட்டு கரோனா தடுப்பூசிக்கான 'கோவின்' தளம். 2020 டிசம்பர் 28, 29 ஆகிய தேதிகளில் ஆந்திரம், அஸ்ஸாம், குஜராத், பஞ்சாப் ஆகிய நான்கு மாநிலங்களில் ஒத்திகை நடைபெற்றது. 2021 ஜனவரி 2-ஆம் தேதி அனைத்து மாநிலங்களிலும், ஜனவரி 8-ஆம் தேதி மேலும் விரிவாகவும் ஒத்திகை நடத்தப்பட்டது. பயனாளிகளின் விவரங்களைப் பதிவேற்றுதல், முகாம் ஒதுக்குதல், குறுஞ்செய்தி அனுப்புதல், தடுப்பூசியைக் குளிர்நிலை கெடாமல் கொண்டு சேர்த்தல் ஆகியவை சரிபார்க்கப்பட்டன. ஊசி மட்டும் போடப்படவில்லை.

ஜனவரி 16-ஆம் தேதி தடுப்பூசித் திட்டம் தொடங்கி, முதல் நாளில் 1.9 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஊசி செலுத்தப்பட்டது. மூன்று ஒத்திகைகளுக்குப் பின்னரும் சிக்கல்கள் எழுந்தன. கோவின் செயலியின் தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மகாராஷ்டிரம் தடுப்பூசிப் பணியை ஜனவரி 18 வரை நிறுத்திவைத்தது. எனினும் அக்கட்டத்தில் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் சுகாதாரப் பணியாளர்கள் மட்டுமே. கோளாறின் தாக்கம் ஓரளவுக்குள் அடங்கியது. திருத்த அவகாசமும் கிடைத்தது.

அடுத்த சோதனை 2021 ஏப்ரல் 28-ஆம் தேதி வந்தது. 18 முதல் 44 வயது வரையிலானோருக்கான முன்பதிவு அன்று மாலை 4 மணிக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. தளம் திறக்கவில்லை, ஓடிபி வரவில்லை என முதல் சில நிமிடங்களிலேயே புகார்கள் எழுந்தன. பின்னர் நிலைமை சீரடைந்து, அன்றைய தினமே 1.3 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்தனர்.

பணிமுறை ஒத்திகை, அதாவது ஒவ்வொரு படியும் வரிசையாக நடக்கிறதா என்று பார்ப்பது, சுமைச் சோதனைக்கு மாற்றாகாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. முகாம் ஒன்றில் சில பத்துப் பேரைக் கொண்டு நடத்திய ஒத்திகை, ஒரே மணித்துளியில் லட்சக்கணக்கானோர் கதவைத் தட்டும் நிலையைக் காட்ட இயலாது. மாலை 4 மணி என ஒரே நேரத்தை அனைவருக்கும் அறிவிப்பதும் அந்த நெரிசலை உருவாக்கும் காரணங்களுள் ஒன்று. வயது வாரியாகவோ மாநில வாரியாகவோ நேரத்தைப் பிரித்தளிப்பது, சர்வர்களைக் கூட்டாமலேயே சுமையைக் குறைக்கும் வழி.

சிறு வட்டத்திலிருந்து தொடங்குதல்

எவ்வளவு சோதித்தாலும் சில பிழைகள் உண்மையான பயன்பாட்டில்தான் வெளிப்படும். ஆகவே பயன்பாட்டையே படிப்படியாக விரிவாக்குவது இப்போது பரவலான நடைமுறையாகியுள்ளது. ஆப்பிளின் செயலிக் கடையில், ஒரு புதுப்பிப்பைப் படிப்படியாக வழங்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், முதல் நாள் 1 சதவீதம், இரண்டாம் நாள் 2, அடுத்து 5, 10, 20, 50 என விரிந்து ஏழாம் நாளில்தான் அனைவருக்கும் தானாகச் சென்று சேரும். இடையில் பிழை தெரிந்தால் நிறுத்திவைக்கலாம். கூகுளின் செயலிக் கடையிலும் இதையொத்த வசதி உண்டு. உங்கள் நண்பரின் கைப்பேசிக்கு வந்துவிட்ட புதிய வசதி உங்களுக்கு இன்னும் வராமலிருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்தியாவின் பெரிய நிதிக் கட்டமைப்புகள் சிலவும் இவ்வழியில் வந்தவையே. யுபிஐ முறையை அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் 2016 ஏப்ரல் 11-ஆம் தேதி 21 வங்கிகளுடன் முன்னோட்டமாகத் தொடங்கிவைத்தார். வங்கிகள் தங்களது யுபிஐ செயலிகளைப் பொதுமக்களுக்காகச் செயலிக் கடையில் வெளியிடத் தொடங்கியது ஆகஸ்ட் 25-ஆம் தேதிதான். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அம்முறை குறைந்த எண்ணிக்கையிலான பயனர்களிடம் மட்டுமே இயங்கியது. 2025 ஆகஸ்டில் யுபிஐ வழியான மாதப் பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2,000 கோடியைக் கடந்தது.

டிஜிட்டல் ரூபாயின் சில்லறைப் பயன்பாட்டு முன்னோட்டமும் 2022 டிசம்பர் 1-ஆம் தேதி மும்பை, புது தில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில், நான்கு வங்கிகளுடன், வரையறுக்கப்பட்ட வாடிக்கையாளர் குழுவுக்குள் தொடங்கப்பட்டது.

பங்குச் சந்தை இதைவிடத் தெளிவான பாடத்தைத் தருகிறது. பங்கு வர்த்தகம் நடந்த மறுநாளே பணமும் பங்கும் கைமாறும் முறைக்குச் சந்தை மாறியபோது, எல்லாப் பங்குகளும் ஒரே நாளில் மாற்றப்படவில்லை. 2022 பிப்ரவரி 25-ஆம் தேதி, சந்தை மதிப்பு வரிசையில் கடைசியில் இருந்த 100 நிறுவனங்களின் பங்குகளே முதலில் மாற்றப்பட்டன. மார்ச் முதல் மாதந்தோறும் 500 பங்குகள் சேர்க்கப்பட்டன. பெரிய நிறுவனங்கள் உள்ளிட்ட மாற்றம் 2023 ஜனவரி 27-ஆம் தேதி நிறைவடைந்தது. பிழை நேர்ந்தால் இழப்பு எங்கே குறைவோ அங்கே தொடங்குவது என்ற உத்தி இதில் வெளிப்படுகிறது. அதே நாளில் தீர்வு காணும் முறை 2024 மார்ச் 28-ஆம் தேதி 25 பங்குகளுடன், குறிப்பிட்ட தரகு நிறுவனங்களுக்கு மட்டும் அறிமுகமானபோது, இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி அதற்குச் சூட்டிய பெயரே 'பீட்டா பதிப்பு' என்பதுதான்.

சிறு கோப்பு, பெரும் முடக்கம்

பெரிய பதிப்புகளைக் கவனத்துடன் சோதிக்கும் நிறுவனங்களும் சிறிய புதுப்பிப்புகளில் தவறிவிடுவதுண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி நேர்ந்தது அதுவே. அமெரிக்காவைச் சேர்ந்த கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம், தனது பாதுகாப்பு மென்பொருளுக்கான ஒரு தரவுக் கோப்பை இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. அக்கோப்பைப் பெற்ற கணினிகள் நீலத் திரையுடன் முடங்கின. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டபோதிலும், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயண அட்டைகள் வழங்கப்பட்டன. இண்டிகோ நிறுவனம் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. 10 வங்கிகள் மற்றும் வங்கி சாரா நிதி நிறுவனங்களில் சிறு இடையூறுகள் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. முடங்கிய கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது.

நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையில் காரணம் விளக்கப்பட்டது. மென்பொருளின் ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது; அதற்கு 20 மட்டுமே அளிக்கப்பட்டன. இந்த முரண்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியிலேயே குறை இருந்ததால் கோப்பு தடையின்றி வெளியேறியது. புதிய பதிப்பு வந்தவுடன் நிறுவாமல் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்குமாறு அமைத்துக்கொண்ட வாடிக்கையாளர்களும் தப்பவில்லை. அந்த வசதி முழுப் பதிப்புகளுக்குப் பொருந்தியதே தவிர, இத்தகைய தரவுக் கோப்புகளுக்குப் பொருந்தவில்லை. இனி இவற்றையும் படிப்படியாகவே வழங்குவதாக நிறுவனம் அறிவித்தது. முதலில் ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிச் சில நிமிடங்கள் காத்திருந்தாலே மீதமுள்ள லட்சக்கணக்கான கணினிகள் தப்பியிருக்கும்.

சோதனையாளரின் புகார் செவிசேர்ந்ததா?

பீட்டா சோதனை நடத்துவது ஒரு பாதி. சோதனையாளர்கள் சொல்வதைக் கேட்பது மறுபாதி. மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 1809 என்ற பதிப்பை வெளியிட்டது. அதை நிறுவிய சிலரின் ஆவணங்களும் படங்களும் கணினியிலிருந்து அழிந்துபோயின. நான்கு நாள்களில் வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13-ஆம் தேதி மீண்டும் வெளியிடப்பட்டது.

பாதிக்கப்பட்டதாகப் புகார் அளித்தோர், பதிப்பை நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்ததாக அந்நிறுவனம் கூறியது. ஆனால் கோப்புகள் அழிவது குறித்து முன்னோட்டச் சோதனையாளர்களில் சிலர் வெளியீட்டுக்கு முன்பே கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தனர். அவர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால், ஆயிரக்கணக்கான மற்ற கருத்துகளுக்கிடையே அவை கவனம் பெறவில்லை. இதையடுத்து, ஒரு பிழையைத் தெரிவிக்கும்போது அதன் கடுமையையும் குறிப்பிடும் வசதி சேர்க்கப்பட்டது. ஒரு பொத்தானின் நிறம் சரியில்லை என நூறு பேர் சொல்வதைக் காட்டிலும், கோப்புகள் அழிந்துவிட்டன என ஒருவர் சொல்வது அவசரமானது.

திரும்பிச் செல்லும் வழி

புதிய பதிப்பு தவறிவிட்டால் பழையதற்குத் திரும்ப வழி உண்டா என்பது வெளியீட்டுக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டியது. அவ்வழியும் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிட்டல், 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி புதிய வர்த்தக மென்பொருளை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவப்பட்டு ஒன்று விடுபட்டது. அந்த ஒரு சர்வரில் இருந்த பழைய நிரல் தவறான ஆணைகளைச் சந்தைக்குள் அனுப்பத் தொடங்கியது. பதற்றத்தில் மற்ற ஏழிலும் புதிய நிரலை நீக்கியபோது அவையும் அதே தவறைச் செய்தன. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பு ஏற்பட்டது.

இந்தியாவில் 2021 பிப்ரவரி 24-ஆம் தேதி தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு நின்ற வர்த்தகம் பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. மாற்று மையத்துக்கு உடனடியாக மாறாதது ஏன் என்ற கேள்வி அப்போது எழுந்தது. பின்னர் 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சந்தை சிறப்பாகத் திறக்கப்பட்டது. உண்மையான வர்த்தகத்தின் நடுவே முதன்மை மையத்திலிருந்து மாற்று மையத்துக்கு மாறிப் பார்க்கப்பட்டது. இடர் வரும்வரை காத்திராமல், விடுமுறை நாளொன்றில் அதை ஒத்திகை பார்ப்பதே இதன் நோக்கம்.

தேதி முதலில், தயார்நிலை பிறகு?

அரசுத் திட்டங்களில் தொடக்க நாள் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாள், நிதியாண்டின் தொடக்கம், விழா ஏற்பாடு எனக் காரணங்கள் பல. தேதி மாறாது, தேவைகளோ கூடிக்கொண்டே போகும் என்ற நிலையில், இடையில் சுருங்குவது பெரும்பாலும் சோதனைக்கான காலமே. வரிசையில் அது கடைசியில் இருப்பதே காரணம்.

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தரச் சான்று இயக்ககம், அரசுத் தளங்களைச் சோதித்துச் சான்றளிக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் சர்வர்களில் ஒரு தளத்தை ஏற்றுவதற்கு முன்பு பாதுகாப்புத் தணிக்கை கட்டாயம். இவை தேவையான காப்புகளே. ஆனால் பாதுகாப்புச் சான்று பெற்ற தளம் கடைசி நாள் நெரிசலைத் தாங்கும் என்பதற்கு அச்சான்று உறுதியளிப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

தேதியை மாற்ற இயலாத இடங்களில் அளவை மாற்றலாம். அறிவித்த நாளில் ஒரு மாவட்டத்திலோ, ஒரு வகைப் படிவத்துக்கோ மட்டும் தொடங்கி, பழைய முறையையும் சில மாதங்கள் உடன் இயங்கவிட்டால், அறிவிப்பும் நிறைவேறும். பிழையால் பாதிக்கப்படுவோரும் குறைவர். இரு முறைகளையும் ஒருசேரப் பராமரிப்பது கூடுதல் செலவுதான். ஆனால் முழுமுடக்கம் ஏற்பட்டால், வேலைநாளை இழந்து கணினி மையத்தில் காத்திருப்பவரும், உரிய தேதியில் பணம் அனுப்ப இயலாதவரும் ஏற்கும் செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை.

பயனர்கள் கவனிக்க வேண்டியவை

பீட்டா பதிப்பில் சேர்வது யாருக்கும் கட்டாயமில்லை. வங்கிச் செயலிகளும் அலுவலகப் பணியும் உள்ள ஒரே கைப்பேசியில் இயங்குதளத்தின் பீட்டாவை நிறுவாமலிருப்பது நல்லது. பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்பும்போது கைப்பேசியிலுள்ள தரவுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும்.

பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன்பு படங்களையும் ஆவணங்களையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். புதிய வசதிகளைக் கொண்டுவரும் பெரிய பதிப்பைச் சில வாரங்கள் கழித்து நிறுவுவதில் தவறில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை அவ்வாறு தள்ளிப்போடக் கூடாது. அவை ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஓட்டைகளை அடைப்பவை.

வரி, கட்டணம், விண்ணப்பம் போன்றவற்றைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காமலிருப்பது நெரிசலிலிருந்து காக்கும். தளம் முடங்கினால், தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் பகுதியில் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். புகாரில் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தப் பக்கத்தில், எதை அழுத்தியபோது, என்ன செய்தி திரையில் தோன்றியது என்று குறிப்பிட்டால் பொறியாளரால் அப்பிழையைத் தம் கணினியில் மீண்டும் வரவழைத்துத் திருத்த இயலும்.

புதிய தளமோ செயலியோ அறிவிக்கப்படும்போது, அது எந்த நாளில் திறக்கப்படுகிறது என்பதையே செய்திகள் பெரும்பாலும் முன்னிறுத்துகின்றன. முதலில் எத்தனை பேருக்குத் திறக்கப்படுகிறது, நெரிசல் நாளுக்கான சோதனை முடிந்ததா, பழைய முறை எதுவரை உடன் இருக்கும், தவறினால் திரும்பும் வழி என்ன ஆகிய நான்கு கேள்விகளும் அந்த அறிவிப்பிலேயே விடை பெற வேண்டியவை. அந்த விடைகள் முன்கூட்டியே கிடைத்தால், தளத்தை நம்பி வரிசையில் நிற்பவர் அறியாமலேயே சோதனையாளராக மாறும் நிலையைத் தவிர்க்கலாம்.